அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?

கணக்குப் பாடத்தில் 98 வாங்கிய பிள்ளை விடைத்தாளோடு வீட்டுக்குள் நுழைகிறது. அப்பா தாளை வாங்கிப் புரட்டுகிறார். தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அடுத்து வருகிற கேள்வி இதுதான்: "அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" அவர் கோபத்தில் கேட்பதில்லை. பெருமையும் பாசமும் கலந்துதான் கேட்கிறார். வகுப்பில் ஆசிரியரும் அதையே கேட்டிருப்பார். இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழகிவிடும். அதன் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

இந்தக் கேள்விக்கு அடியில் நம்மூரில் அநேகமாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு கருத்து கிடக்கிறது. ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காத பிடிவாதம் இருக்கிறவர்தான் முன்னுக்கு வருவார். பாதி வழியில் துவண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கு ஊக்கம் போதவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த மனத்திடம் இவர்களுக்கு இல்லை. ஆகவே மருந்தும் எளிது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, பள்ளி மைதானத்தில் மாணவர்களை உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பேச வைத்தால் போதும்.

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதாலேயே இந்தக் கருத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதித்தால் ஒரு பகுதிகூடத் தேறாது.

முதலில் பிடிவாதம். உயர்ந்த இலக்கு வேண்டும் என்பதும் பிழையே கூடாது என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வேறு வேறு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹீவிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் 1991இல் பரிபூரண வெறியை மூன்றாகப் பிரித்தார்கள். தன்னிடம் தானே பிழையின்மையைக் கோருவது ஒன்று. பிறரிடம் கோருவது இன்னொன்று. மூன்றாவது, 'நான் தவறே செய்யக் கூடாதென்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள், தவறினால் என்னை மதிக்க மாட்டார்கள்' என்ற நம்பிக்கை. இந்த மூன்றாவதுதான் விடைத்தாளோடு வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இருப்பது.

பிடிவாதம் வெற்றி தருகிறதே என்று கேட்பவர்களின் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டன் ஆய்வாளர் டேனியல் மேடிகன், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார். உயர்ந்த தரத்தை நாடி உழைக்கும் குணம் மதிப்பெண்ணை ஓரளவு உயர்த்துகிறது. பிழை செய்துவிடுவோமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்கிற கவலையோ மதிப்பெண்ணைக் குறைக்கும் பக்கமே நிற்கிறது. இப்போது அப்பாவின் கேள்வியை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது? வந்த 98ஐ விட்டுவிட்டு வராத இரண்டைப் பற்றி மட்டும் கேட்கும் கேள்வி உழைப்பை வளர்க்காது. அது வளர்ப்பது கவலையைத்தான்.

அந்தக் கவலை தேர்வறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை ப்ளஸ் டூ தாள் திருத்தும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். முதல் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கும். தலைப்புகளுக்கு அடிக்கோடு, ஓரத்தில் கட்டம், படத்துக்கு நிழல் எல்லாம் இருக்கும். கடைசிக் கேள்விக்கு வரும்போது எழுத்து சாய்ந்து, பாதி வாக்கியத்தில் நின்றிருக்கும். பிள்ளைக்கு விடை தெரியாமல் இல்லை. முதல் விடை குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசி விடைக்கான நேரத்தைச் செலவழித்துவிட்டது. வீட்டிலும் இதுவே நடக்கிறது. நோட்டை மறுபடி மறுபடி அழகாக எழுதுவது, நான்கு வண்ணப் பேனாவால் கோடிடுவது, கால அட்டவணையை ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகப் போடுவது, கடினமான கணக்கை மட்டும் நாளைக்குத் தள்ளுவது. பார்க்கிறவர்கள் சோம்பல் என்பார்கள். பிள்ளைக்குள் இருப்பது பயம். போட்டுப் பார்த்துத் தப்பாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் போடாமலே இருந்துவிடுகிறது.

சரி, அத்தனை பயத்தையும் தாண்டி ஒரு பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த முழுமையாவது அதன் கையில் இருக்கிறதா? 2024 நீட் தேர்வைப் பார்க்கலாம். ஜூன் 4 அன்று முடிவு வந்தபோது 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். வினாத்தாள் கசிவும் கருணை மதிப்பெண்ணும் கிளப்பிய புயல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த 67 பேரில் 44 பேரின் முழு மதிப்பெண், அணுவைப் பற்றிய ஒரே ஒரு இயற்பியல் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பு ஒன்று சொன்னது, புதிய பதிப்பு வேறு சொன்னது. அதனால் தேர்வு முகமை இரண்டு விடைகளையும் சரி என்று ஏற்றுக்கொண்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். கருணை மதிப்பெண் நீக்கத்தில் ஏற்கெனவே 61 ஆகியிருந்த எண்ணிக்கை, ஜூலை மாதம் திருத்திய பட்டியலில் 17 ஆனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தலா ஐந்து மதிப்பெண் இழந்தார்கள். கேள்விக்கு உரிய நான்கு, தவறான விடைக்கான கழிவு ஒன்று.

அந்த 44 பேரின் இயற்பியல் அறிவு ஜூன் மாதத்துக்கும் ஜூலை மாதத்துக்கும் இடையில் கொஞ்சமும் குறையவில்லை. வீட்டில் இருந்த பழைய புத்தகத்தைப் படித்தது மட்டுமே பலர் செய்த பிழை. பழைய புத்தகம் இருந்த வீடுகள் பெரும்பாலும் எவை என்பதையும் யோசிக்க வேண்டும். பிழையே கூடாது என்று பிள்ளையிடம் கோருகிறவர்கள், கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் பாடநூலும் பிழையோடு வரும் உலகத்தில் அதைக் கோருகிறார்கள்.

இந்த வெறி நமக்கே உரிய நோய் என்றும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேம்பிரிட்ஜில் 'டிரைபாஸ்' என்ற கணிதத் தேர்வு இருந்தது. அதில் முதல் ஆளுக்கு 'சீனியர் ராங்லர்' என்று பட்டம். அந்த இடத்துக்காகவே தனிப் பயிற்சியாளர்கள் மாணவர்களைப் பழக்கினார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் எட்வர்ட் ரவுத். அவரிடம் பயின்ற இருபதுக்கும் மேற்பட்டவர்கள் முதலிடம் பிடித்தார்கள். இன்றைய கோட்டா நகரத்துப் பயிற்சி மையங்களுக்கும் நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கும் அதுவே முன்னோடி எனலாம். அந்த ஓட்டத்தில் விழுந்தவர்களும் உண்டு. பிரான்சிஸ் கால்டன் படிப்பின் நடுவில் உடலும் மனமும் நொறுங்கி, சிறப்புப் பட்டத்தை விட்டுவிட்டுச் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறினார்.

1854இல் முதலிடம் பிடித்தவர் அதே ரவுத். இரண்டாமிடம் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே கோட்பாட்டில் கட்டியவர் இரண்டாமவர். பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1845இல் இரண்டாமிடம். எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன் 1880இல் இரண்டாமிடம். முதலிடம் பெற்றவர்கள் மோசம் என்பதல்ல இதன் பொருள்; ரவுத்தும் இயக்கவியலில் பெயர் நிலைத்தவர். ஓர் ஆண்டின் தேர்வுத் தாளில் யார் குறைவாகத் தவறினார் என்ற கணக்கு, அடுத்த நாற்பது வருடத்தில் அவர் என்ன செய்வார் என்பதைச் சொல்லவில்லை என்பதுதான்.

இங்கேதான் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒருவர் வருகிறார். ஜி.எச். ஹார்டி 1898 டிரைபாஸில் நான்காமிடம் பெற்றவர். பயிற்சியாளரிடம் தேர்வுத் தந்திரங்களை உருப்போட்டே சலித்து, கணிதத்தை விட்டு வரலாறு படிக்கப் போய்விடலாம் என்று நினைத்தார். பேராசிரியர் லவ் என்பவர் கையில் கொடுத்த பிரெஞ்சு நூல் ஒன்றுதான் அவரைத் தடுத்து நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதர்களில் ஒருவரையே விரட்டிவிடப் பார்த்த முறை அது. ஹார்டி அதை எதிர்த்துப் போராடினார். தரவரிசைப் பட்டியல் 1909இல் கடைசியாக வாசிக்கப்பட்டது, அதோடு முடிந்தது.

நான்கு வருடம் கழித்து, 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவரின் கடிதம் ஹார்டிக்கு வந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. தேர்வில் மறுபடியும் தோற்றவர் எழுதிய கடிதம். ராமானுஜன் மதிப்பெண் இல்லாமலே மேதையானார் என்ற கதையை எல்லா மேடைகளிலும் கேட்டாயிற்று. அதைவிட முக்கியமான ஒன்றை மேடைகள் சொல்வதில்லை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் அப்போது சொன்னவற்றில் தவறுகள் இருந்தன. ஹார்டி அவற்றைக் கண்டார், பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார். ஆனால் தவறைக் காரணம் காட்டிக் கடிதத்தை ஒதுக்கவில்லை. பிப்ரவரி 8 அன்று பதில் எழுதி, நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். ஒரு ஆசிரியர் 98ஐயும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அடுத்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனத்திடம் இல்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டு. "நாங்க தெருவிளக்குல படிச்சோம்" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வருடத்துக்கு மூன்று தேர்வு எழுதினார்கள். இன்றைய பிள்ளைக்குக் காலையில் ஸ்லிப் டெஸ்ட், சனிக்கிழமை வாரத் தேர்வு, மாதம் ஒரு ரிவிஷன், ஞாயிறு நீட் மாதிரித் தேர்வு. ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் அன்று மாலையே பெற்றோரின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. தவறிவிட்டு ஒரு வாரம் மறைந்திருக்க முன்பு இடம் இருந்தது. இப்போது ஒரு மணி நேரம்கூட இல்லை.

தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1989 முதல் 2016 வரையிலான தரவு அது. மற்றவர்கள் தன்னிடம் பிழையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு அந்தக் காலத்தில் 33 விழுக்காடு ஏறியிருந்தது. தன்னிடம் தானே கோரும் பிடிவாதம் ஏறியது 10 விழுக்காடு. மேலை நாட்டுக் கணக்குதான், நம் பிள்ளைகளை அளந்தது அல்ல. ஆனாலும் அது காட்டும் திசை இங்கேயும் கண்ணுக்குத் தெரிகிறது. பாரம் வெளியிலிருந்து ஏறியிருக்கிறது. முதுகு மெலிந்துவிட்டது என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். எழுதிய அத்தனை பேரும் ஊக்கத்தின் உச்சியில் இருந்திருந்தாலும், அத்தனை பேரும் தினம் 16 மணி நேரம் படித்திருந்தாலும், 22 லட்சம் பேர் வெளியேதான் நின்றிருப்பார்கள். தன்னம்பிக்கைப் பேச்சு ஒரு இடத்தைக்கூடக் கூட்டாது. கூட்டல் கழித்தலில் முடிந்துபோன விஷயத்தை, 'உன்னால் முடியும், நீதான் முயலவில்லை' என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் குணக்குறையாக மாற்றுவது மட்டுமே அது செய்வது. பிள்ளை அதை நம்பிவிடுகிறது. ரிப்பீட்டர் பேட்ச்சில் மறுபடி சேர்கிறது.

ஊக்கம் பெருகாமலே விளைவு மாறியதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை ஆண்டுதோறும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஆண்டே முந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒரே வருடத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சியமும் வைராக்கியமும் திடீரென்று முளைத்துவிடவில்லை. அவை எப்போதும் இருந்தன. கதவு அகலமானது.

இப்போது துவண்டுபோகும் பிள்ளைக்கு வருவோம். அதற்கு ஊக்கம் இல்லை என்பதுதான் இந்தக் கருத்தின் மிகப் பெரிய பிழை. படிப்புச் சோர்வை அளக்க 2002இல் வில்மார் ஷௌஃபெலியும் அவர் குழுவினரும் ஐரோப்பிய மாணவர்களிடம் பயன்படுத்திய அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. படிப்பின் மேலேயே வந்துவிடும் கசப்பு. எனக்கு இது வராது என்ற முடிவு. இந்த மூன்றும் ஆரம்பத்திலிருந்தே அக்கறை இல்லாத பிள்ளைக்கு வருவது அரிது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 60 மதிப்பெண் வாங்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போகிறவனுக்கு இந்தக் களைப்பும் இல்லை, இந்தக் கசப்பும் இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம் வந்து, படம் பதித்த ஃப்ளெக்ஸ் வாசலில் தொங்க, ப்ளஸ் ஒன் அரையாண்டில் புத்தகத்தைத் திறந்தாலே கண்ணீர் வருகிற பிள்ளைதான் இதில் சிக்குகிறது. அதனிடம் போய் ஊக்கம் போதாது என்று சொல்வது, ஓடி ஓடி மூச்சிரைத்து நிற்பவரிடம் நீ ஓடவே இல்லை என்று சொல்வதாகும்.

அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது என்று பேச்சாளர் கேட்பதில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. விடியற்காலை நாலரைக்கு மணி அடித்து, இரவு ஸ்டடி ஹவர் பத்தரைக்கு முடிகிற விடுதியில் இது ஆறு மணி நேரம். பகலில் படித்ததை மூளை அடுக்கி நிலைநிறுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தூக்கத்தைப் பிடுங்கிவிட்டு நினைவாற்றலுக்கு வல்லாரை வாங்கித் தருவதில் பயனில்லை.

பரிசு கொடுத்தால் ஊக்கம் வரும் என்பவர்களுக்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்டிருந்த குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து, வரைவதற்கான பேனாக்களைச் சும்மா வகுப்பில் வைத்தபோது, அந்தக் குழுவினர் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது. விருப்பமாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. 100க்கு 100 வாங்கினால் செல்போன், கட்ஆஃப் வந்தால் வண்டி என்று பேரம் பேசும் வீடுகளில் இயற்பியல் மீதிருந்த ஆசைக்கும் இதுவே நேர்கிறது.

பிடியைத் தளர்த்தினால் பிள்ளை படிக்காது, மதிப்பெண் விழும் என்பது கடைசி வாதம். அதற்கும் பதில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை மேடிகனும் கரனும் 2021இல் தொகுத்தார்கள். சோர்வு கூடிய இடத்தில் மதிப்பெண் குறைந்தே இருந்தது. ஆக, மதிப்பெண் மட்டுமே வேண்டும் என்கிறவர்களுக்குக்கூட இந்த வழி லாபமில்லாத வழி.

தேர்வே வேண்டாம் என்பதும் இதன் பொருள் அல்ல. தேர்வு நல்ல கருவி. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியது இது: ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதி எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு வைத்திருந்தார்கள். அந்த எழுதிப் பார்த்தலுக்கு ரேங்க் இல்லை, வாட்ஸ்அப் செய்தி இல்லை. தப்பு வந்தால் வெட்கமும் இல்லை.

தமிழ்நாடு அரசு இந்தத் திசையில் அடி எடுத்து வைக்காமல் இல்லை. 2017 மே மாதம், பத்தாம் வகுப்பிலும் ப்ளஸ் டூவிலும் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பது நிறுத்தப்பட்டது. கேம்பிரிட்ஜ் நிறுத்தி நூற்றெட்டு வருடம் கழித்து வந்தாலும் நல்ல முடிவு. ஆனால் அரசு அறிவிக்காததைப் பள்ளிகள் தாமே அறிவித்துக்கொண்டன. சென்டம் எத்தனை பேர், 590க்கு மேல் எத்தனை பேர் என்று ஃப்ளெக்ஸ் ஏறியது. ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்க ப்ளஸ் ஒன்னுக்கும் அரசுப் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகள் தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025இல் அது கைவிடப்பட்டது. கோட்டாவில் 2023 ஆகஸ்டில், மாணவர் மரணங்கள் தொடர்ந்தபோது, பயிற்சி மையங்களின் வாரத் தேர்வுகளை இரண்டு மாதம் நிறுத்தச் சொன்னது மாவட்ட நிர்வாகம். எல்லாம் மேலிருந்து வரும் ஆணைகள். தேவைதான். ஆனால் சமையலறையில் கேட்கப்படும் அந்தக் கேள்வியை எந்த ஆணையாலும் நிறுத்த முடியாது.

வகுப்பறையில் ஓர் ஆசிரியரே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் பள்ளி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்தில் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறனும் வளர்ந்தன. மதிப்பெண்ணும் சேர்ந்து வந்த தாளில் குறிப்பு பயனில்லாமல் போனது. பிள்ளைகளின் கண் எண்ணிலேயே நின்றுவிட்டது.

அடுத்த ரிவிஷன் தேர்வில் ஒரு கணக்கு ஆசிரியர் இதைச் செய்து பார்க்கலாம். மதிப்பெண்ணைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தாளில் அதைப் போடாமல் கொடுக்கலாம். மூன்றாவது வரியில் குறி மாறிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் "இங்கே மைனஸ் எப்படிப் பிளஸ் ஆனது, பார்" என்று ஒரு வரி. பிள்ளை தாளை முன்னும் பின்னும் திருப்பும், எண்ணைத் தேடும். கிடைக்காது. பிறகு வேறு வழியில்லாமல் அந்த மூன்றாவது வரியைப் படிக்கும்.